‘அது எப்படித் தெரியும், டாக்டர்?’: உயிரியல் ஆய்வாளரைப் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு

உயிரியல் ஆய்வாளர் ஒருவரைப் பேட்டி எடுக்கலாம் என்று ஆசிரியர் சொன்னதும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோலாலம்பூர் பஸ் நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தேவையே இல்லை. தோட்டப்புற டவுனில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆய்வாளர்கள் இங்கேதான் வந்துகொண்டிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ரொட்டி சானாய் கடை வாசலில் சேறு அப்பிய பிக்கப் ஒன்று நிற்கும். பின்னால் ஏணி, வலைத்துணி, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். தோட்டத்துக் காடி என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம். அடுத்த முறை பார்த்தால் நின்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

நான் இருப்பது சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில். பெரியவர்கள் வாயில் இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். மலாயாவில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டது 1917-இல், எங்களுக்குப் பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். அதனால் செம்பனையைப் பற்றி ஆராய்கிறவர்கள் எங்கள் வட்டாரத்துக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை. படிவம் ஆறு படிக்கும்போது பள்ளி அறிவியல் கழக இதழுக்காக அப்படி வந்த ஒருவரைப் பேட்டி எடுத்தேன். செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டைப் பற்றி ஆராய்கிறவர். பெயர் இங்கே வேண்டாம், டாக்டர் என்றே சொல்கிறேன். நானும் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன், அவர் என்னை மலாய் வழக்கப்படி ‘அடிக்’ (தம்பி, தங்கை) என்றார். இதழுக்கு அடுத்து வருகிற தம்பி தங்கைகள் எப்படிச் செய்தாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைத்துவிடுகிறேன்.

ஆளைக் கண்டுபிடிப்பது

காடியைப் பார்த்து விசாரிப்பது ஒரு வழி. இன்னொரு வழி, ஆய்வுக் கட்டுரைகள். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் வெளியிடும் ‘ஜர்னல் ஆஃப் ஆயில் பாம் ரிசர்ச்’ என்ற ஆய்விதழை இணையத்தில் காசு கட்டாமல் படிக்கலாம். உங்கள் வட்டாரத்தின் பெயரையும் ஒரு பூச்சியின் பெயரையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே யாருக்கு எழுத வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கும்.

கட்டுரை முழுவதும் புரிய வேண்டும் என்று உட்கார்ந்தால் தலை வலிக்கும். முன்னால் உள்ள சுருக்கத்தைப் படியுங்கள், அப்புறம் நேராகச் செய்முறைப் பகுதிக்குப் போய்விடுங்கள். புள்ளியியல் அட்டவணையை விட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செய்முறையில்தான் ஆள் எங்கே நின்றார், எதை வெட்டினார், எதை எண்ணினார் என்பதெல்லாம் இருக்கும். நல்ல கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பும்.

மின்னஞ்சலில் நான்கே விஷயம் போதும்: நீங்கள் யார், எதைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, எவ்வளவு நேரம் வேண்டும். ‘சிறு வயதிலிருந்தே உயிரியல் மீது எனக்கு அளவு கடந்த ஆர்வம்’ என்ற வரியை எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்கள் எழுத வேண்டாம். அந்த ஒரு கேள்விதான் பதில் வாங்கித் தரும். ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் கட்டுரையில் முதலாவதாகப் பெயர் போட்டிருப்பவரைத் தேடுங்கள். பல நேரம் அவர் முதுகலை அல்லது முனைவர் பட்ட மாணவராக இருப்பார். பேராசிரியருக்குக் கூட்டம் இருக்கும். மாணவர்தான் வெயிலில் நின்று எண்ணியவர், அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

முடிந்தால் அலுவலகத்தில் சந்திக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘நீங்கள் களத்துக்கு வரும் நாளில் கூட வரலாமா’ என்று கேளுங்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் யாருக்கும் மேசைப் பேச்சுதான் வரும். களத்துக்குப் போவதென்றால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆய்வாளருக்கு இருக்கும் அனுமதி உங்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. பள்ளியிலிருந்து கடிதம் வாங்கி முன்கூட்டியே தோட்ட அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ் கட்டாயம். மட்டை முள் குத்தினால் லேசில் ஆறாது. பாம்பைப் பற்றி நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பியையும் கூட்டிக்கொண்டு போ என்று அம்மா நிபந்தனை போட்டார். முனகிக்கொண்டேதான் கூட்டிப் போனேன். கைப்பேசியைப் பிடிக்க ஒரு ஆள் இருந்தது பெரிய உபகாரம். உங்களுக்கும் ஒரு தம்பி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் வீட்டில் கேட்க வேண்டியது

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஆய்வாளரிடம் போவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள்.

என் பாட்டி தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் பூவுக்குப் பொடி அடிக்கும் வேலை பார்த்தவர். செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வரும், ஆனால் வேறு வேறு சமயத்தில் வரும். அதனால் பக்கத்து மரத்து மகரந்தம் எப்படியாவது வந்து சேர வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே அது தானாகப் போதிய அளவு நடக்கவில்லை. தோட்டங்களில் ஆள் வைத்து, மகரந்தத்தை முகப்பூச்சு மாவு மாதிரியான டால்க் பொடியோடு கலந்து பெண் பூவில் ஊதினார்கள். பெரும்பாலும் பெண்கள் பார்த்த வேலை. பாட்டியிடம் கேட்டேன்.

“மட்டைய விலக்கிட்டு உள்ள கைய விட்டுப் பாக்கணும். பூ விரிஞ்சிருந்தா ஊதணும், இல்லன்னா அடுத்த மரம். ரெண்டு மூணு நாள் விட்டா பூ கெட்டுப்போயிடும், திரும்பி வரணும். முள்ளு முள்ளு, கையெல்லாம் முள்ளு.”

அப்புறம் ஏன் நிறுத்தினார்கள் என்றேன்.

“வண்டு வந்துச்சு. எங்கள உதிரிப் பழம் பொறுக்க அனுப்பிட்டாங்க.”

வண்டு வந்தது 1981-இல். ஊர் கேமரூன். பெயர் எலைடோபியஸ் கேமரூனிக்கஸ், நீளம் 3, 4 மில்லிமீட்டர். மலாயாவிலும் கேமரூனிலும் தோட்ட வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்பவர், அங்கே கை வைக்காமலே குலை நிறையக் காய் பிடிப்பதையும் பூவில் வண்டு மொய்ப்பதையும் கவனித்திருந்தார். பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது 1970-களின் இறுதியில் கேமரூனில் தங்கி அதை ஆராய்ந்தார். வேறு பயிர்களில் அந்த வண்டு பெருகாது என்று சோதித்துப் பார்த்த பிறகுதான் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். இதெல்லாம் தேடினால் கிடைக்கும். மட்டையை விலக்கிக் கையை விட்டுப் பார்த்த கதை தேடினால் கிடைக்காது. நான் டாக்டரிடம் பாட்டி சொன்னதை முதலில் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து அவரே குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். பாதை எவ்வளவு தூரம், உயர்ந்த மரத்துக்கு என்ன செய்வார்கள், மழை நாளில் ஊதுவார்களா என்று பேட்டி கொஞ்ச நேரம் திசை திரும்பி ஓடியது. அப்படி ஓடினால் ஓட விடுங்கள். அதற்குப் பிறகு நான் கேட்ட எதற்கும் அவர் ஒற்றை வரியில் பதில் சொல்லவில்லை.

உங்கள் தாத்தா பால் மரம் வெட்டியவராக இருக்கலாம், அப்பா குலை வெட்டுகிறவராக இருக்கலாம், அத்தை நர்சரியில் கன்றுக்குப் பை நிரப்புகிறவராக இருக்கலாம். அவர்களிடம் கண்டிப்பாக ஏதோ ஒன்று இருக்கும்.

கேள்விகள்

‘உங்கள் ஆய்வின் முக்கியத்துவம் என்ன?’ என்று கேட்டால் மானியம் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை ஒப்பிப்பார்கள். ‘மாணவர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன?’ என்று கேட்டால் விடாமுயற்சி என்பார்கள். இரண்டையும் அவர்களைப் பார்க்காமலே எழுதிவிடலாம்.

நான் பிடித்துக்கொண்டது ஒரே கேள்வியை. அவர் எதைச் சொன்னாலும், மரியாதையாக, ‘அது எப்படித் தெரியும், டாக்டர்?’ முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இன்னாரை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்று தோன்றும். ஆய்வாளர்களுக்கு அது அப்படிக் கேட்பதில்லை. அவர்கள் ஒருவரையொருவர் நாள் முழுக்கக் கேட்டுக்கொள்வதே அதைத்தான்.

உதாரணம் சொல்கிறேன். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள் என்றார். சரி, வண்டுதான் என்று எப்படித் தெரியும்? காற்று நுழையும், வண்டு நுழையாத துணியால் ஒரு பெண் பூங்குலையை மூட வேண்டும். இன்னொன்றைத் திறந்தே விட வேண்டும். மூடியதில் காய் சரியாகப் பிடிக்காமல் போனால் காற்று மட்டும் போதாது என்று ஆகிறது. பாடப்புத்தகத்தில் கட்டுப்பாட்டுச் சோதனை என்று நாம் மனப்பாடம் செய்வது இதுதான். ஒரு துணிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னபோது மனப்பாடம் செய்ய எதுவும் இருக்கவில்லை.

அடுத்து எண்ணிக்கை. விரிந்த ஆண் பூ ஒன்றின் பக்கத்தில் போய் நின்றோம். விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் கதிர்கள், வெளிர் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. கிட்டப் போனால் சோம்பு வாசனை. கதிரின் மேல் பழுப்பு வண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பூ அசைவதுபோலத் தெரியும் அளவுக்கு. டாக்டர் ஒரு கதிரைப் பையால் மூடி, அடியில் வெட்டி, பையின் வாயைச் சட்டென்று அழுத்தினார். பூவின் மேல் பகுதியில் சில, நடுவில் சில, கீழே சில. ஏன் ஒரே இடத்தில் எடுக்கவில்லை? வண்டு எல்லா இடத்திலும் ஒரே அளவில் உட்காராது, ஒரு பக்கத்தை மட்டும் எண்ணிப் பெருக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். கதிருக்கு எத்தனை வண்டு, பூவுக்கு எத்தனை கதிர், ஏக்கருக்கு எத்தனை விரிந்த ஆண் பூ என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். மழைக்கால எண்ணிக்கையையும் வெயில்கால எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும். அதோடு, பூவில் மகரந்தம் சேர்ந்து குலை பழுக்க ஐந்து ஆறு மாதம் ஆகும். இன்றைய வண்டுக் கணக்குக்கு உரிய குலையை அவர் அடுத்த பள்ளித் தவணையில்தான் வெட்டிப் பார்ப்பார்.

கண்ணில் பட்டதைக் கேட்கவும் தயங்காதீர்கள். பூத்து முடிந்து காய்ந்த ஆண் பூ ஒன்று பக்கவாட்டில் குதறிக் கிடந்தது. யார் செய்தது என்று கேட்டேன். எலியாம். வண்டு முட்டையிடுவது காயும் ஆண் பூவில்தான், புழு அதற்குள்தான் வளரும். அந்தப் புழுவுக்காக எலி பூவைக் கடித்துப் பிய்க்கிறது. எலியைப் பிடிக்கத்தான் சடக்கு (சாலை) ஓரம் கம்பத்தில் ஆந்தை கூடு கட்டப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆந்தை வீட்டுக்குப் பக்கத்தில் கத்தினால் பாட்டி இன்னும் முகம் சுளிக்கிறார், ஆனால் ஆந்தைப் பெட்டி இருக்கும் தோட்டத்தில் அதற்கு வேலை நிறைய. என் தாளில் இருந்த எந்தக் கேள்வியும் இந்தப் பதில் அளவுக்கு வளமாக இல்லை.

இன்னும் இரண்டு கேள்விகளை எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். ஒன்று: ‘எதைக் கண்டுபிடித்தால் நீங்கள் நினைத்தது சரியில்லை என்று விட்டுவிடுவீர்கள்?’ டாக்டர் வெகுநேரம் யோசித்தார். அந்த மௌனத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். மற்றொன்று: ‘பத்திரிகைகள் உங்கள் துறையைப் பற்றி எதைத் தப்பாக எழுதுகின்றன?’ இதற்கு அவர் யோசிக்கவே இல்லை. வண்டு மரத்துக்கு உதவி செய்ய வருகிறது என்று எழுதுவார்களாம். அது வருவது ஆண் பூவுக்கு, தின்னவும் பெருகவும். பெண் பூவும் அதே வாசனையை லேசாக விடுவதால் ஏமாந்து உள்ளே போய், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புகிறது. இன்னொன்று, காய் கூடுதலாகப் பிடித்தால் எண்ணெயும் அதே கணக்கில் கூடும் என்று எழுதுவது. குலையில் காய் நெருக்கும்போது பருப்பு கூடும், எண்ணெய்க் கணக்கு அவ்வளவு நேர்க்கோட்டில் போகாது என்றார்.

உதவியாளர் அண்ணன்

டாக்டரோடு ஒரு கள உதவியாளர் வந்திருந்தார். நம் ஆள், பக்கத்துத் தோட்டம். நீளக் கழியில் கட்டிய அரிவாளால் உயரத்துப் பூவை இறக்கித் தருகிறவர். இவர்களைப் பேட்டி எடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. டாக்டர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் கேட்டேன், இத்தனை மரத்தில் எது விரிந்த ஆண் பூ என்று எப்படி அண்ணே கண்டுபிடிக்கிறீர்கள்?

“பாத்துத் தேடுனா லேட்டாயிடும்மா. மொதல்ல வாசம் வரும். அப்புறம் காது குடு, மொய்க்கிற சத்தம் கேக்கும்.”

இதையும் இதழில் போட்டேன், அவர் பெயரோடு, அவரிடம் கேட்டுக்கொண்டு. பேட்டியிலேயே நண்பர்களுக்கு ரொம்பப் பிடித்த வரி இதுதான்.

பதிவு, எழுத்து, சரிபார்ப்பு

பதிவு செய்யலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கைப்பேசியை ஓடவிட வேண்டும். செம்பனை நிரைக்குள் ஓலைச் சத்தம் அதிகம், கைப்பேசி அவர் சட்டைப் பையில் இருந்தால் நல்லது. எண்களையும் அறிவியல் பெயர்களையும் பதிவை நம்பி விடாதீர்கள், குறிப்பேட்டை நீட்டி அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த அன்றே ஒரு பிரதி எடுத்துப் புலனத்தில் உங்களுக்கு நீங்களே அனுப்பி வையுங்கள்.

டாக்டர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார், நான் எழுதியது தமிழில். அதனால் மேற்கோளாகப் போட்ட ஒவ்வொரு வரியையும் மலாயில் திரும்பச் சொல்லி அவரிடம் சரிபார்த்தேன். முழுக் கட்டுரையையும் அனுப்ப வேண்டாம் என்பது என் கட்சி. அனுப்பினால் உங்கள் நடையையும் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள், கடைசியில் அது அறிக்கை மாதிரி ஆகிவிடும். மேற்கோள்கள், எண்கள், பெயர்கள் இவற்றை மட்டும் ஒரு தாளில் போட்டு, இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள் என்று அனுப்பினால் போதும்.

வெளியிடாத தரவு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பேச்சு வாக்கில் டாக்டர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, இது இன்னும் கட்டுரையாக வரவில்லை, எழுதாதே என்றார். எழுதவில்லை. சுவையான எண்தான், இப்போதும் சொல்ல மாட்டேன். ஆய்விதழில் வருவதற்கு முன்னால் பள்ளி இதழில் வந்துவிட்டால் அவருக்குச் சங்கடம், அடுத்து அவரிடம் போகிற மாணவருக்குக் கதவும் அடைத்துவிடும்.

இதழ் வந்ததும் டாக்டருக்கு ஒரு பிரதி, அண்ணனுக்கு ஒரு பிரதி, தோட்ட அலுவலகத்துக்கு ஒன்று. பாட்டிக்குக் கொடுத்தது மடித்து சாமி மேடை டிராயரில் இருக்கிறது.

அடுத்து யாரைப் பிடிக்கலாம்

வண்டு முடிந்துவிட்டது, வேறு பாருங்கள். மரத்தின் அடியில் தட்டுத் தட்டாக முளைக்கும் கானோடெர்மா காளானைப் பற்றி ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே காளான் தெரியும்போது உள்ளே தண்டு பெரும்பாலும் அழுகியிருக்கும். அப்படியானால் அதற்கு முன்பே நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களைக் கேட்கலாம். சடக்கு ஓரத்தில் டர்னேரா என்ற மஞ்சள் பூச்செடியை நட்டு வைத்திருப்பார்களே, அது அழகுக்கு அல்ல. உடம்பைச் சுற்றிப் பை கட்டிக்கொண்டு ஓலையைத் தின்னும் பைப்புழுவைக் கொல்லும் குட்டிக் குளவிகளுக்குத் தேன் கொடுக்க. யார் எண்ணினார்கள், குளவி உண்மையிலேயே கூடியதா என்று கேளுங்கள்.

எங்கள் ஊரை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆறுதான் கீழே கம்போங் குவாந்தானுக்குப் போகிறது. அங்கே ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மின்னும் மின்மினிகளைப் பார்க்கச் சுற்றுலாக் காடிகள் வருகின்றன. மின்மினியின் புழு கரையில் நத்தையைத் தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் காப்பாற்றினால் போதுமா, கரையையும் சேர்த்தா என்பது நல்ல பேட்டிக்கு உரிய கேள்வி. ஆனால் அந்த ஆய்வாளர்களின் வேலை இரவில். பள்ளி வேனுக்கும் வீட்டு அனுமதிக்கும் இப்போதே சொல்லி வையுங்கள், கொசு மருந்தை மறக்காதீர்கள்.